கோப்பில் ஏறாத ஆணை

தமிழ்நாட்டு அரசாணை எதை எடுத்துப் பார்த்தாலும் முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரி இருக்கும். அதன் கீழே கையொப்பமிட்டிருப்பவர் துறைச் செயலாளர். அந்த ஆணைக்காகச் சட்டப்பேரவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவரோ அமைச்சர். ஆணையில் அவர் கையொப்பம் இராது. யார் பெயரால் ஆணை வெளியாகிறதோ அந்த ஆளுநர் பெரும்பாலான ஆணைகளைப் பார்த்திருக்கவே மாட்டார். முடிவெடுத்தவரின் கையைத் தேட வேண்டுமானால் ஆணையை விட்டு அதற்குப் பின்னாலிருக்கும் கோப்புக்குப் போக வேண்டும். அரசியல் தலைவர்கள் துறைகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கான சான்று அங்கேதான் இருக்கிறது. அங்கே சான்று இல்லாமல் போனால், அதுவும் ஓர் ஆட்சிமுறையைக் காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. 154ஆம் பிரிவு மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் வைக்கிறது. 163ஆம் பிரிவின்படி அவருக்கு ஆலோசனை சொல்ல முதலமைச்சரின் தலைமையில் அமைச்சரவை உண்டு. 164ஆம் பிரிவு அந்த அமைச்சரவையைச் சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. எந்தப் பொருள் எந்த அமைச்சருக்கு, எது அமைச்சரவைக்கு வர வேண்டும், எது முதலமைச்சரின் பார்வைக்குப் போக வேண்டும் என்பதை 166ஆம் பிரிவின் கீழ் இயற்றப்படும் அலுவல் விதிகள் வகுக்கின்றன. தேர்தல் மேடையில் ஒருபோதும் பேசப்படாத இந்த விதிகள்தான் மேடையில் பேசப்பட்டவை நடக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அமைச்சர் ஒவ்வொரு முடிவையும் தானே எடுக்க வேண்டும் என்று இந்த விதிகள் எதிர்பார்ப்பதில்லை. 1960-களின் இறுதியில் சென்னை அரசு பேருந்து வழித்தடங்களை நாட்டுடைமையாக்க முனைந்தபோது, தனியார் பேருந்து உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சட்டப்படி ‘அரசு’ கொள்ள வேண்டிய கருத்தைத் துறைச் செயலாளரே கொண்டுவிட்டார், அமைச்சர் கொள்ளவில்லை என்பது அவர்களது வாதங்களில் ஒன்று. 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அலுவல் விதிகளின்படி அதிகாரம் பெற்ற செயலாளர் எடுக்கும் முடிவு அரசின் முடிவே என்றும், அதற்கான பொறுப்பு அமைச்சரவையிடமே நிற்கிறது என்றும் தீர்ப்பு வந்தது. அதிகாரத்தைக் கீழே பகிர்ந்து தரலாம். பொறுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. நாடாளுமன்ற ஆட்சிமுறையின் மையக் கோட்பாடு இதுதான்.

துறைகளைப் பிரித்துக் கொடுப்பது தலைவர் எடுக்கும் முதல் நிர்வாக முடிவு. 2003இல் வந்த 91ஆவது திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையைப் பேரவை உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்குள் அடக்கியது. 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுப் பேரவைக்கு அது முதலமைச்சரையும் சேர்த்து 35. 1954இல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர்தான். கட்சித் தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தை அவர் ஒதுக்கவில்லை. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்தின் கையிலேயே தொடர்ந்தன. செலவு கேட்கும் துறையும் செலவை மறுக்கும் துறையும் ஒருவரிடமே இருந்தது, அந்தப் பத்தாண்டில் பள்ளிக்கல்வி விரிந்த வேகத்துக்கு உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

முதலமைச்சர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் துறைகளிலிருந்தும் ஆட்சியின் போக்கைப் படிக்கலாம். தமிழ்நாட்டில் கட்சி எதுவானாலும் அந்தப் பட்டியல் பெரிதும் மாறுவதில்லை: பொது நிர்வாகம், இந்திய ஆட்சிப் பணி, இந்தியக் காவல் பணி, மாவட்ட வருவாய் அலுவலர்கள், உள்துறை. மக்களுக்கு நேரடியாக எதையும் வழங்காத துறைகள் இவை. ஆனால் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை முடிவுசெய்பவை. வேளாண்மைத் துறைச் செயலாளரின் நியமனமும் மாற்றமும் வேளாண்மை அமைச்சரின் கையில் இல்லை. எனவே ஒரு செயலாளருக்கு இரண்டு மேலிடங்கள்: கோப்பில் கையெழுத்திடும் அமைச்சர் ஒருவர், இடமாற்றத்தை முடிவுசெய்யும் முதலமைச்சர் மற்றவர். இரண்டும் ஒத்துப்போகும் வரை சிக்கல் இல்லை. ஒத்துப்போகாதபோது அமைச்சரின் துறை பெயரளவில்தான் அவருடையது. ஒன்றிய அரசிலும் இதே நகர்வு நடந்தது. 1964இல் லால் பகதூர் சாஸ்திரி எல்.கே. ஜாவைத் தன் செயலாளராக வைத்து வலுப்படுத்திய பிரதமர் செயலகம், இந்திரா காந்தி காலத்தில் பி.என். ஹக்சரின் கீழ்க் கொள்கை பிறக்கும் இடமாகவே ஆனது.

இனி கோப்பு நடக்கும் பாதை. கோரிக்கையோ துறைத் தலைவரின் கருத்துருவோ தலைமைச் செயலகத்தின் ஒரு பிரிவுக்கு வந்ததும், உதவிப் பிரிவு அலுவலர் அதற்குக் குறிப்பு எழுதுகிறார். முன் ஆணைகள், விதிகள், ஆகும் செலவு, முன்மாதிரிகள் எல்லாம் அதில் வரிசைப்படும். பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று மேலேறும் கோப்பில் ஒவ்வொருவரும் ஒப்புதலையோ மாறுபாட்டையோ எழுதுகிறார்கள். செயலாளரைத் தாண்டி அமைச்சரிடம் போகும்போது, பல கேள்விகளுக்கு விடை சொல்லப்பட்டிருக்கும். பல வழிகள் அடைபட்டிருக்கும். அமைச்சர் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே பரிந்துரை. குறிப்பை எழுதியவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று அறியாத அமைச்சர், தான் முடிவெடுப்பதாக எண்ணிக்கொண்டு ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவில் கையெழுத்திடுகிறார். அதிகாரிகளின் ஆட்சி என்று குறைபட்டுக்கொள்ளும் அரசியல்வாதிகள் பலர் உண்மையில் குறிப்பை முழுதாகப் படிக்காத அரசியல்வாதிகள்.

குறிப்பைப் படிக்கிற அமைச்சருக்கு வழிகள் உண்டு. பரிந்துரையை ஏற்கலாம், காரணம் எழுதி மாற்றலாம், கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பலாம். பேசாமல் மேசையிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. அதுவும் ஒரு முடிவுதான், தேதியும் காரணமும் இல்லாத முடிவு. இவற்றுக்கிடையில் இன்னொன்று இருக்கிறது: கோப்பின் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதி அனுப்புவது. நல்ல நோக்கில் இது பயனுள்ள வழி. பத்துப் பக்கக் குறிப்பில் தெளியாதது பத்து நிமிட உரையாடலில் தெளியலாம். ஆனால் ‘விவாதிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பும் கோப்பில், முன்பக்கத்தில் வேண்டாம் என்று எழுதியவரே பின்பக்கத்தில் வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பதற்குத் தடயமில்லை. கொள்கை முடிவு எழுத்திலிருந்து நழுவி வாய்மொழிக்குள் போவது இந்த வாசல் வழியாகத்தான்.

எழுதியதெல்லாம் ஆணையாகிவிடுவதும் இல்லை. பச்சித்தர் சிங் வழக்கு இதைத் தெளிவாக்கியது. பெப்சு மாநிலத்தில் பணிநீக்கம் செய்யப்பட்ட வருவாய்த் துறை ஊழியர் ஒருவரின் மேல்முறையீட்டில், அவருக்குக் குறைந்த தண்டனை போதும் என்று வருவாய் அமைச்சர் கோப்பில் எழுதினார். அது ஆணையாக வெளிவருமுன் 1956 நவம்பரில் பெப்சு பஞ்சாபோடு இணைந்தது. பஞ்சாப் முதலமைச்சர் பணிநீக்கத்தை உறுதி செய்தார். ஆளுநர் பெயரால் வெளியிடப்பட்டு உரியவருக்குத் தெரிவிக்கப்படும் வரை அமைச்சரின் குறிப்பு வெறும் கருத்தே, அதை அவரே மாற்றிக்கொள்ளலாம் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோப்பில் எழுதிய வரிக்கே இந்த நிலை என்றால், தொலைபேசியில் சொன்ன சொல்லுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு இருக்கும்?

ஆணைக்கு உயிர் கொடுப்பது பணம். செலவு பிடிக்கும் எந்த அரசாணையிலும், நிதித் துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது என்ற வாசகம் இருக்கும். கூடவே கணக்குத் தலைப்பு ஒன்றும் இருக்கும். மானியக் கோரிக்கையில் அந்தத் தலைப்பின் கீழ் பேரவை தொகை ஒதுக்கினால்தான் கருவூலம் திறக்கும். ஒரு தலைவர் திட்டத்தை விரும்புகிறாரா, விரும்புவதாகச் சொல்கிறாரா என்பதைப் பிரித்தறிய, உரையை விட்டுவிட்டு இந்தக் கணக்குத் தலைப்பைப் பார்த்தால் போதும்.

பள்ளி உணவு இதற்கு நல்ல சான்று. சென்னை மாநிலத்தில் காமராஜரும் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலும் 1956இல் தொடங்கிய மதிய உணவு, ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே முதலில் நடந்தது. அரசு மானியம் பிறகு சேர்ந்தது. செலவுக்கு வழியில்லை என்ற மறுப்பை முதலிலேயே மோதி உடைக்காமல், நடத்திக் காட்டி அதை வலுவிழக்கச் செய்த வழி அது. எம்.ஜி.ஆர். வேறு வழியில் போனார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், சில மாதங்களில் ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளை எட்டியது. மாநிலம் தாங்காது, வளர்ச்சிப் பணிகளுக்கான பணம் கரையும் என்ற எதிர்ப்பு பலமாக எழுந்தது. அதைக் கேட்டும் முதலமைச்சர் திட்டத்தை நடத்தினார். நிபுணர்களின் எச்சரிக்கையை மீறுவது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரின் உரிமை. அந்த மீறல் வெளிப்படையாக, நிதிநிலை அறிக்கையில் பேரவையின் முன் வைக்கப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. சத்துணவில் அது நிறைவேறியது.

திட்டத்தை நிலைநிறுத்தியது விழாவோ விளம்பரமோ இல்லை. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று உருவாக்கப்பட்ட பணியிடங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அதற்கென ஒரு நேர்முக உதவியாளர், ஒன்றிய அளவில் கண்காணிப்பு, இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு என்ற அளவுப் பட்டியல் எல்லாம் ஆணைகளாயின. எம்.ஜி.ஆர். 1987இல் மறைந்தார். 1989இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அந்தச் சாப்பாட்டில் முட்டையைச் சேர்த்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்த முட்டை 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கக் கட்டளையிட்டபோது, இங்கே அந்த முறை இருபதாண்டுப் பழக்கமாக இருந்தது. ஒன்றையொன்று தீராது எதிர்த்த தலைவர்கள் ஒரே திட்டத்தை மாறி மாறி வளர்த்தார்கள் என்றால், அதை நிறுத்துவதற்கு எந்தக் கோப்பிலும் எவராலும் காரணம் எழுத முடியவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தக் கதையில் ஒரு குறையும் உண்டு. சத்துணவு ஊழியர்கள் இன்றும் முழுமையான காலமுறை ஊதியம் கேட்டுப் போராடுகிறார்கள். அவசரமாக உருவாக்கிய பணியிடத்தை முறையான அரசுப் பணியாக்கும் ஆணையை எந்தக் கட்சியும் எழுதவில்லை.

ஆணையாலும் பணியிடத்தாலும் திட்டத்தை நிலைநிறுத்தும் இந்த வழிக்கு நேர்மாறாக இயங்கும் கருவி அறிவிப்பு. தமிழ்நாடு சட்டப்பேரவை விதி 110, பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருளில் அமைச்சர் அறிக்கை படிக்க இடம் தருகிறது; அதன் மீது அப்போது விவாதம் கிடையாது. 2011க்குப் பிந்தைய ஐந்தாண்டில் ஜெயலலிதா இந்த விதியை மிகுதியாகப் பயன்படுத்தினார். முதலமைச்சர் அவையில் சொல்லிவிட்ட ஒன்றைத் துறைகள் தட்ட முடியாது என்பதால் வேகம் கிடைக்கும். ஆனால் வரிசை தலைகீழாகிறது. குறிப்பும் மதிப்பீடும் நிதி இசைவும் முடிவுக்குமுன் வருவதற்குப் பதிலாக, முடிவு வந்தபின் அதற்கேற்பத் தயாராகின்றன. சந்தேகம் எழுப்ப வேண்டிய அலுவலர் சந்தேகத்தை விழுங்கிவிட்டு நியாயம் எழுதுகிறார். பணியிடமும் பணமும் பெற்ற அறிவிப்புகள் நிலைக்கின்றன. மற்றவை அவைக் குறிப்பில் தங்கிவிடுகின்றன.

பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்திய அரசியலில் இரண்டு பழைய சோதனைகள் உண்டு. இரண்டிலும் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்குமுன் மெகபூப்நகர் ரயில் விபத்தின்போதே அவர் விலக முன்வந்ததை நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். பாலத்தைப் பற்றி அமைச்சர் எந்தத் தவறான ஆணையும் இட்டிருக்கவில்லை. துறையின் தலைமையில் இருப்பவர் துறைக்கு நேர்ந்ததை ஏற்க வேண்டும் என்ற மரபுக்காக அவர் போனார்.

அடுத்தது முந்த்ரா விவகாரம். 1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை 1.24 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கியது. மக்களவையில் ஃபெரோஸ் காந்தி அதைக் கிளப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. நிதித் துறை முதன்மைச் செயலாளர் எச்.எம். பட்டேல், அமைச்சரின் ஒப்புதலோடுதான் செய்ததாகச் சொன்னார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, தான் அப்படி ஒப்புதல் தரவில்லை என்றார். அந்த ஒப்புதல் தாளில் இல்லை. இருவரின் பேச்சில்தான் இருந்தது. எனவே நாட்டின் பொதுப் பணத்தைப் பற்றிய ஒரு முடிவு, யார் நினைவை நம்புவது என்ற கேள்வியாகச் சுருங்கியது. செயலாளரின் செயலுக்கு அரசியலமைப்பின்படி அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடித்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார்.

வாய்மொழி ஆட்சியின் உச்சம் 1975. ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது ஒன்றிய அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில் கூடி நடந்ததற்கு ஒப்புதல் தந்தது. அவசரத்தில் பிரதமர் விதிகளிலிருந்து விலகிப் பின்னால் ஒப்புதல் பெற அலுவல் விதி 12 இடம் தந்தது. அதன்பின் வந்த மாதங்களில் கைதுகளும் இடிப்புகளும் வாய்மொழி உத்தரவுகளால் எவ்வளவு தூரம் நடந்தன என்பது அவற்றைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையத்தின் முன் அதிகாரிகள் சொன்ன சாட்சியங்களில் வெளிப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் இதற்கு விடை தேடியது. அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்படாமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனப்படுத்தக் கூடாது என்று 352ஆம் பிரிவில் சேர்த்தது. விதி 12 மட்டும் அப்படியே நின்றது. 2019 நவம்பர் 23 விடியற்காலை மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி அதைக் கொண்டே விலக்கப்பட்டது.

அதிகாரிகளுக்கு விதி இல்லாமல் இல்லை. 1968ஆம் ஆண்டின் அனைத்திந்தியப் பணிகள் நடத்தை விதிகள், மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாகத் தந்தால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றன. கட்டளை பெற்றவர் அந்த உறுதியைக் கேட்டுப் பெறுவதும் கடமை. நடைமுறையில் கேட்பவர் குறைவு. காரணம் இடமாற்றம். எழுத்தில் கேட்ட அலுவலர் முக்கியமில்லாத ஒரு பதவிக்கோ கட்டாயக் காத்திருப்புக்கோ போவதற்கு ஓர் ஆணை போதும். அதற்குப் பெரும்பாலும் நிர்வாக நலன் என்பதைத் தவிரக் காரணம் எழுத வேண்டியதில்லை. தண்டனை என்ற பெயர் இல்லாத தண்டனை என்பதால் மேல்முறையீடும் எளிதில்லை. ஓய்வுபெற்ற உயரதிகாரிகள் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவுகளின்படி அதிகாரிகள் நடக்கக் கூடாது, அவை பதிவாக வேண்டும் என்றது. குறைந்தபட்சப் பதவிக்காலமும், மாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியமும் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஆனாலும் ஆட்சி மாறும்போதெல்லாம் பட்டியல் பட்டியலாக மாற்றங்கள் வெளிவருவது நிற்கவில்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கணக்கில் புதிய ஒருவரைச் சேர்த்தது: குடிமக்கள். கோப்புக் குறிப்புகள் சட்டத்துக்குள் வரா என்று ஒன்றியப் பணியாளர் துறை வாதிட்டது. மத்தியத் தகவல் ஆணையம் ஏற்கவில்லை. 2006இல் அவற்றை விலக்கத் திருத்தம் கொண்டுவரும் முயற்சி எதிர்ப்பால் கைவிடப்பட்டது. தன் குறிப்பை நாளை எவரும் படிக்கலாம் என்ற எண்ணம் சில அலுவலர்களுக்குத் துணிவைக் கொடுத்தது. மறுக்க வேண்டியதை மறுத்து எழுதினால் அது அவருக்கே காப்பு. வேறு பலரை அது எழுதாமலிருக்கக் கற்றுக்கொடுத்தது. சிக்கலான கோப்பு மேலே போகுமுன் பேசி முடிக்கப்படுகிறது; மேலே போவது எல்லாரும் ஒத்துக்கொண்ட சுத்தமான குறிப்பு. மின்கோப்பு வந்தபின் யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது வரை பதிவாகிறது. பேசி முடித்தது மட்டும் இன்னும் பதிவாவதில்லை.

எழுத்தில் ஆளும் தலைவர் எப்போதும் சரியாக முடிவெடுப்பார் என்று சொல்ல முடியாது. மோசமான கொள்கைகளும் முறையான குறிப்புகளோடும் நிதி இசைவோடும் பிறந்திருக்கின்றன. ஆனால் எழுதப்பட்ட தவறைத் தணிக்கை கண்டுபிடிக்கும், பொதுக் கணக்குக் குழு கேட்கும், நீதிமன்றம் ரத்து செய்யும், அடுத்த அரசு திருத்தும். வாய்மொழியாக நடந்த தவறுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அதற்கு ஆளாகிறவர் கீழே கையெழுத்திட்ட அலுவலர் மட்டுமே. திறமையான நிர்வாகி என்று ஒரு தலைவரைப் புகழும்போது அவர் எத்தனை அதிகாரிகளை ஒரே நாளில் மாற்றினார், எவ்வளவு விரைவாக உத்தரவிட்டார் என்பதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அளவுகோல் அதுவாக இருக்கக் கூடாது. தன் துறைச் செயலாளர் எழுதிய மறுப்பைக் கோப்பில் இருக்கவிட்டு, அதற்குக் கீழே தன் காரணத்தையும் கையொப்பத்தையும் இட்டு மீறத் துணிந்தவரே துறையை ஆண்டவர். அந்தத் துணிவு இல்லாதவர் துறையைப் பயமுறுத்தி வைத்திருந்தார், அவ்வளவே.